கிளாராவின் அம்பும் தகராறு நோட்டும்

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசுக்குக் கிளம்பச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது திபங்கர் போனில் வந்தார். பெங்காலிக்காரர், பள்ளி ஆசிரியர். காலை எட்டு மணிக்கு யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை. "தாதா, பஹலே பைட் ஜாவோ" என்றார்; அண்ணன் என்பதற்கு அவர் தாதா என்பார். முதலில் உட்காரச் சொல்கிறார் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நின்றுகொண்டேதான் இருந்தேன். "சேவியர் நஹி ரஹா" என்றார். சேவியர் போய்விட்டான்.

எங்கள் தீவுகளில் வடக்கே உள்ள லாங் ஐலண்டில் ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜினைப் பிரித்துப்போட்டு வேலை பார்த்திருக்கிறான். திங்கட்கிழமை மத்தியானம் படகுகள் கட்டும் ஜெட்டியில் உட்கார்ந்து டீ குடித்தவன் நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அவனைக் கொண்டுபோகப் படகு ஏற்பாடு ஆவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்துமூன்று வயது. அவன் மனைவி மெர்சி அன்று இரவே திபங்கருக்குச் சொல்லிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. அவள் மேல் தப்பே இல்லை. எட்டு மாதமாக அவள் புருஷனோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதனுக்கு அவள் எதற்காக போன் போட வேண்டும்?

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு சேவியரைத் தெரியும். ஜங்க்லிகாட் துறையில் படகு வைத்திருப்பவர்களுக்கு அவன் டீசல் மெக்கானிக். சத்தத்தை வைத்தே இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். கோயில் பூசையில் அவனோடு பாடியவர்களுக்கு அவன் குரல் தெரியும். எனக்கு அவன் கிளாரா. சிரிக்காதீர்கள். தொண்ணூறு கிலோ உடம்பும் முறுக்கிய மீசையும் கிரீஸ் படிந்த நகங்களுமாக இருந்த அந்த மனிதன், ஆறு வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிளாரா என்ற பதினேழு வயது வில்லாளிப் பெண்ணாக வாழ்ந்தான்.

அது ஒரு மேசை விளையாட்டு. பலகை இருக்காது. ஒருவர் கதை சொல்லுவார். எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். திபங்கர் ஒரு கிழட்டு மந்திரவாதி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தெலுங்குக்காரி சுஜாதா வாள்வீச்சுக்காரி. சேவியர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஏதோ படகு முதலாளியின் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு என் ஆபீஸ் கவுண்டருக்கு வந்தவன், கோப்பு பறக்காமலிருக்க நான் வைத்திருந்த பகடையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "என்ன நட்டுண்ணே இது? எந்த ஸ்பேனரும் புடிக்காதே?" என்றான். விளக்கம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான். பெண் பாத்திரமா என்று சுஜாதா கிண்டல் செய்தபோது, "நாள் பூரா இந்த உடம்பத் தூக்கிட்டு அலையேன். ஞாயித்துக்கெழமையாவது கொஞ்சம் லேசா இருக்கட்டுமே" என்றான்.

இந்த விளையாட்டில் சண்டை வந்தால்தான் எங்களுக்குள்ளும் சண்டை வரும். சண்டையில் ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. சுற்றுக்கு ஒருமுறை, முறைக்கு ஒரு செயல். ஆனால் உங்கள் முறை வரும்போது எதுவும் செய்யாமல் நின்று, இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன் என்று சொல்லிவைக்கலாம். நாங்கள் அதைக் காத்து நிற்பது என்போம். சொன்னது நடந்துவிட்டால், உங்கள் முறை இல்லாவிட்டாலும் நடுவில் புகுந்து செய்யலாம். எப்போது புகுவது என்பதில்தான் வம்பு. எதிரி தொடங்கியதுமா, முடித்த பிறகா? கதவைக் காவலன் திறக்கப் போகும்போது அம்பு பாயுமா, திறந்து உள்ளே வந்த பிறகு பாயுமா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனம். எங்களுக்கு அந்த இமைநேரத்தில்தான் உயிரும் சாவும்.

நான் குமாஸ்தா. தகராறு என்றால் எனக்கு ரிஜிஸ்டர் வேண்டும். பச்சை அட்டை போட்ட நீள ரிஜிஸ்டர் ஒன்றில் "தகராறு நோட்டு" என்று எழுதி மேசையில் வைத்தேன். விதியும் நானே போட்டேன். ஆட்டத்தின் நடுவில் கதைசொல்லி சொல்வதுதான் தீர்ப்பு. ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து வாதாடலாம். முடிவானதை எழுதி, கதைசொல்லியும் வழக்காடியவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டால் பிறகு அந்தத் தீர்ப்பை யாரும் மீறக்கூடாது. கதைசொல்லியும் சேர்த்துத்தான். இந்தக் கடைசி வரியை நான்தான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். பெரிய நீதிமான் என்று நினைப்பு!

அந்த நோட்டில் பன்னிரண்டாவது பக்கம் சேவியருடையது. மூன்று வருடத்துக்கு முன்பு திபங்கரின் மந்திரவாதி ஒரு வாசலில் காத்து நின்றார். எதிரி ஈட்டியை எறிந்த பிறகுதான் உமது மந்திரம் வேலை செய்யும் என்று நான் சொன்னேன். ஆங்கில விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. திபங்கர் சாது, தலையாட்டிவிட்டார். அவருக்காக சேவியர் வழக்காடினான். டீ கிளாஸைக் கவிழ்த்து அதற்குள் கட்டை விரலை விட்டு மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். "இதுதான் பிஸ்டன். இது மேல வந்து சேந்த பெறவு டீசல அடிச்சா என்ன வரும்? பொக வரும். வந்துட்டு இருக்கும்போதே அடிக்கணும். ஒருத்தன் காத்துட்டு நிக்கான்னா எதுக்கு நிக்கான்? நடக்காம தடுக்கத்தானே? நடந்த பெறவு போய் நிக்கதுக்குப் பேரு காவலாண்ணே? அது செத்த வீட்டுக்குத் துஷ்டி கேக்கப் போறது." மேசையெல்லாம் டீ. சுஜாதா கைதட்டினாள். நான் தோற்றேன், சந்தோஷமாகவே தோற்றேன். என் கையாலேயே எழுதினேன்: "எதிரி செயலைத் தொடங்கியதும், முடிக்கும் முன், காத்து நிற்பவரின் செயல் நடக்கும்." கீழே இரண்டு கையெழுத்து.

அவன் தனக்குச் சாதகமாக மட்டும் பேசுகிறவன் இல்லை. காத்து நிற்பது அடுத்த முறை வரும்வரைதான் செல்லும். மறுபடி உங்கள் முறை வந்தால் மறுபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காலாவதி. ஒருநாள் வறுத்த நெத்திலியைக் கொறித்துக்கொண்டிருந்த சேவியர் அதைச் சொல்ல மறந்துவிட்டான். அடுத்த நிமிடமே அவன் காத்திருந்த எதிரி புதரை விட்டு வெளியே வந்தான். நான் மனம் இரங்கி, "சரி விடு, சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்" என்றேன். அவன் நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையை ஆட்டினான். "நான் சொல்லலல்லாண்ணே? போச்சு. பஸ், அவ்வளவுதான்." அந்த எதிரி கிளாராவின் தோளில் குத்தினான். சேவியர் அந்தக் காயத்தை மூன்று வாரம் சுமந்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆபீசுக்கு மெயின்லேண்டிலிருந்து புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். கல்லூரி நாட்களில் இதே விளையாட்டை ஆடியவராம். என் மேசையில் பகடையைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களுமா?" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்தேன். மனைவியை நச்சரித்து வடை சுடச் சொன்னேன். புதிய விரிப்பு போட்டேன். கறையாக இருக்கிறதென்று தகராறு நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். புத்தம் புதிய ஆங்கில விதிப்புத்தகம் மட்டும் மேசையில் இருந்தது.

அன்று கதை ஒரு கயிற்றுப் பாலத்தில் வந்து நின்றது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் கொள்ளைத் தலைவன், வாளோடு. பாலத்தின் நடுவில் கிளாரா. அவளுக்குப் பின்னால் அடிபட்டு நொண்டிக்கொண்டு வரும் மந்திரவாதி. சேவியர் வில்லை இழுப்பது போலக் கையை வைத்துக்கொண்டு சொன்னான்: "நான் காத்து நிக்கேன். கயித்த வெட்ட அவன் வாள ஓங்கினா, அம்பு." அடுத்து தலைவனின் முறை. "ஓங்குகிறான். வெட்டிவிட்டான். பாலம் அறுந்தது. அம்பு அதற்கப்புறம்தான், ஆனால் நீ இப்போது விழுந்துகொண்டிருக்கிறாய்" என்றேன். சொல்லிவிட்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் மெச்சிக்கொள்வது போலத் தலையசைத்தார்.

சேவியர் சிரித்தான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். "அண்ணே, பன்னெண்டாம் பக்கம்."

"புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது."

"நோட்டப் பாருங்கண்ணே. நீங்க எழுதினதுதான்."

"நோட்டு வேற, ரூல் வேற சேவியர். இன்ஜினுக்குச் சொல்ற நியாயமெல்லாம் இங்க செல்லாது."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. பெரிய மனிதர் முன்னால் நான் படித்தவன், அவன் ஸ்பேனர் பிடிப்பவன் என்று காட்டிக்கொண்ட வாக்கியம் அது. என் புத்தியைச் செருப்பால் அடித்தாலும் தகும். சேவியரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. திபங்கர் விரிப்பைப் பார்த்தார். சுஜாதா, "பாயி, ஏக் மினிட்..." என்று என்னைத் தடுக்க ஆரம்பித்தாள், நான் கையைக் காட்டி அவளையும் அடக்கினேன். கிளாரா பள்ளத்தாக்கில் விழுந்து செத்தாள். ஆறு வருடம் வளர்ந்த பெண்.

அதிகாரி போகும்வரை சேவியர் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். வடை கூடச் சாப்பிட்டான். பிறகு கிளாராவின் விவரங்கள் எழுதிய தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினான். "கோச்சுக்கிட்டியா?" என்று கேட்டேன். "இல்லண்ணே. நான் காத்து நிக்கேன்" என்றான். எதற்கு என்றேன். "நீங்க நோட்டப் பாத்துட்டு ஒரு போன் போடுவீங்கல்லா, அதுக்கு. போன் வந்ததும் கெளம்பி வருவேன். சலோண்ணே, வாரேன்." பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் நான் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டாம் பக்கம், என் கையெழுத்து, அவன் கையெழுத்து. எல்லாம் அவன் சொன்னபடிதான். அப்போதே போனை எடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. நாளைக்குப் பேசலாம் என்று வைத்தேன். மறுநாள், நாற்பத்தெட்டு வயது ஆள் போன் போட்டு உன் அம்பு சரிதான் என்று சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. அடுத்த வாரம், அவனுக்கே இவ்வளவு வீம்பு இருந்தால் எனக்கு இருக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்புறம் ஒரு மாதம் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்துச் சொல்வதற்கு இன்னும் பெரிய வாய் வேண்டும், எனக்கு அது இல்லை. ஒரு போன் போடச் சொல்லித் திபங்கர் இரண்டு முறை கெஞ்சினார், "தாதா, ஏக் ஃபோன் கரோ நா." அவர் மேல் எரிந்து விழுந்தேன். அந்த அதிகாரி அதற்குப் பிறகு ஒருநாள்கூட ஆட வரவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லேண்டுக்கே போய்விட்டார். போகும்போது என் பெயரைத் தப்பாகச் சொல்லி விடைபெற்றார்.

நடுவில் ஒருமுறை சேவியரை நேருக்கு நேர் பார்த்தேன். பீனிக்ஸ் பே ஜெட்டியில், அதிகாலைப் படகுக்கு. மாயாபந்தரிலிருந்து வரும் ஒரு பார்சலுக்காக நான் நின்றேன். அவன் கருவிப் பெட்டியோடு வரிசையில் நின்றான்.

"நல்லாருக்கியளாண்ணே?"

"இருக்கேன்ப்பா. எங்க, மாயாபந்தரா?"

"ஆமாண்ணே. ஒரு போட்டுக்கு கியர்பாக்ஸ் போயிட்டு."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு அவன் ஓரமாக நின்றான். சங்கு ஊதினார்கள், அப்போதும் ஏறவில்லை. "வேற ஒண்ணும் இல்லல்லாண்ணே?" என்று கேட்டான். "இல்லப்பா. கடல் கொஞ்சம் ரஃப்பா இருக்காம், பார்த்துப் போ" என்றேன். அவன் ஓடிப் போய் ஏறிக்கொண்டான். அவனைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அதே ஜெட்டியில்தான் புதன்கிழமை அவனை இறக்கினார்கள். கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. படகுக்காரர்கள், பெங்காலிகள், தெலுங்குக்காரர்கள், நிக்கோபாரிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள் என்று எல்லா மொழியிலும் அழுகை. நான் தூணோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். அடக்கம் முடிந்து மெர்சியிடம் போய்க் கைகூப்பினேன். "நான் ஒரு போன் பண்ணியிருக்கணும்மா" என்றேன். அவள் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவியளும் அதத்தாண்ணே நெனச்சிட்டு இருந்தாவ" என்றாள். "ஞாயித்துக்கெழம நாலு மணி ஆனா போன சார்ஜ் போட்டு மேசைல வச்சிருவாவ. வேற யாரு கூப்பிட்டாலும் சட்டுனு பேசி வச்சிருவாவ. நீங்களாவது போடுங்களேன்னு நான் சண்ட புடிச்சேன். 'இல்லட்டி, நான் காத்து நிக்கேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இது அண்ணன் மொற'ன்னு சொன்னாவ. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவாவண்ணே. 'இந்த வாரமும் காத்து நிக்கேன்'னு சத்தமா வேற சொல்லணும் அவியளுக்கு. எனக்குச் சிரிப்பா வரும்."

அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு அது என்னவென்று நெத்திலித் தட்டு நாளைப் படித்த நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி சொல்லாவிட்டால் காலாவதி. அவன் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. நான் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து திபங்கரும் சுஜாதாவும் நானும் ஜங்க்லிகாட்டில் அவன் வீட்டுக்குப் போனோம். தகராறு நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "மெர்சி, ஒரு தீர்ப்பு பாக்கி இருக்கும்மா" என்று சொல்லி நடந்ததையெல்லாம் அவளிடம் விளக்கினேன், என் ஜம்பம் உட்பட. அவள் உள்ளே போய் அவனுடைய கருவிப் பெட்டியைத் தூக்கி வந்தாள். வாஷர்களும் நட்டுகளும் கிடந்த டப்பாவில் அவனுடைய நீலப் பகடை இருந்தது. மடித்த தாளும் இருந்தது. நாலு மடிப்பிலும் டீசல் கறை. கிளாரா செத்ததாக அவன் அதில் எழுதவில்லை.

நான் கதை சொன்னேன். கயிற்றுப் பாலம், தலைவன், வாள். "ஓங்குகிறான். வெட்டுவதற்கு முன்னால் கிளாராவின் அம்பு." அதற்கு மேல் பகடைதான் சொல்ல வேண்டும். சுஜாதா பகடையை மெர்சியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "பன்னெண்டு இல்லாட்டி அதுக்கு மேல வந்தா அம்பு படும்" என்றாள் தன் தெலுங்குத் தமிழில். மெர்சி சிலுவை போட்டுக்கொண்டு உருட்டினாள். பகடை மேசை விளிம்புவரை ஓடி நின்றது.

நாலு.

மெர்சி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். "பட்டுதா?"

"இல்லம்மா. தப்பிடுச்சு" என்றேன்.

"அப்போ பாலம்?"

"அறுந்துடும். கிளாரா விழுந்துடுவா. அன்னைக்கு மாதிரியேதான்."

அவள் பகடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுக்காண்ணே எட்டு மாசம்?" என்று கேட்டாள். குத்திக் காட்ட அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று நான் ஒழுங்காகத் தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் நாலு விழுந்திருக்கலாம். கிளாரா செத்தே போயிருக்கலாம். சேவியர் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வேறொரு பெண்ணாக வந்து உட்கார்ந்திருப்பான். நான் அவனிடமிருந்து பிடுங்கியது அந்த ஒரு உருட்டலைத்தான்.

நோட்டில் புதுப்பக்கத்தில் எழுதினேன்: "பன்னிரண்டாம் பக்கத் தீர்ப்பு செல்லும். கதைசொல்லி செய்தது பிழை. அம்பு முதலில். குறி தவறியது." கையெழுத்துப் போட்டேன். இன்னொரு கையெழுத்துக்காக நோட்டை மெர்சி பக்கம் நகர்த்தினேன். அவள் தலையசைத்துத் திருப்பித் தள்ளினாள். "அது அவிய போட வேண்டியது. நான் போட மாட்டேன்" என்றாள்.

சேவியரை அறிந்த உங்களிடம் அவன் சரிசெய்த இன்ஜின்கள் இருக்கின்றன, ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் இருப்பது மெர்சி கொடுத்தனுப்பிய நீலப் பகடை, பாதிக் கையெழுத்தோடு ஒரு பக்கம், நெத்திலித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அந்தத் தீர்ப்பு. "நான் சொல்லலல்லாண்ணே? போச்சு." அவன் எட்டு மாதமும் வாராவாரம் சொன்னான். சொல்லாதவன் நான்தான்.